காபிச் செடி பார்க்க வந்தவள்

மாரமங்கலம்,
14.4.2024

அன்பு மகன் ஜீவாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை மேனகாவும் சௌக்கியம். அங்கே நீயும் உன் சம்சாரமும் நலமாயிருக்கச் சேர்வராயனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இன்று சித்திரைப் பிறப்பு. உன் அம்மா பழக்கதோஷத்தில் உனக்கும் சேர்த்துப் பாயசம் வைத்துவிட்டு, அந்தப் பங்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊற்றினாள்.

நம்மூரில் போன் பாதியிலேயே அறுந்துபோகிறது. 'அலோ, அலோ' என்று கத்துவதிலேயே பேச வந்தது மறந்துவிடுகிறது. எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவனுக்குப் பேச்சைவிட எழுத்துதான் தோது. மேனகா ஏற்காட்டுக்கு ஓட்டல் வேலைக்குப் போகும்போது இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

வேலைக்குப் போன இடத்திலேயே கல்யாணத்தை முடித்துக்கொண்டாய் என்று எனக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். டிசம்பரிலிருந்து உன் அம்மாவும் நானும் அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே இல்லை. போன வாரம் அவளே ஆரம்பித்தாள். "அந்தப் புள்ள என்ன திங்கும், என்னங்க? நம்ம சோறு ஒத்துக்குமா?" என்றாள். அதோடு கோபம் போயிற்று. ஜூனில் இருவரும் வாருங்கள்.

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு உலகப் படம் வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். எனக்கு இத்தனை நாளும் ஆப்பிரிக்கா என்றால் ஒரு தேசம் என்ற நினைப்புத்தான். பார்த்தால் அதற்குள் அத்தனை தேசம் இருக்கிறது! உன் டான்சானியாவைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு பொழுது ஆயிற்று. நம் கடலுக்கு அக்கரையில்தான் இருக்கிறது என்பதைப் பார்த்தபோது ஒரு நிம்மதி. அந்த ஊர் எப்படி, ஜனங்கள் எப்படி, உன் சம்சாரத்தின் வீட்டார் என்ன தொழில் செய்கிறவர்கள், எல்லாவற்றையும் விவரமாக எழுது.

ஆசிகளுடன்,
அப்பா


மோஷி, டான்சானியா
28.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நீமாவுக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே படித்தேன். சுவரில் படம் மாட்டிய இடத்தில் சிரித்துவிட்டாள். அவள் இங்கே மேல்நிலைப் பள்ளியில் பூகோள டீச்சர் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேனே, மறந்துவிட்டார்களா? யாராவது அவளிடம் "ஆப்பிரிக்காவில்..." என்று பேச்செடுத்தால், "எந்த மூலையில்?" என்று கேட்பாள். கெய்ரோவில் இருப்பவனுக்கும் கேப் டவுனில் இருப்பவனுக்கும் இடையிலுள்ள தூரத்தில் நம் இந்தியாவை மேலும் கீழுமாக இரண்டு முறை கிடத்தலாம் என்று வகுப்பில் சொல்வாளாம். வடக்கே சகாரா மணல். நடுவே காங்கோக் காடு. எங்கள் பக்கம் மலையும் ஏரியும். தெற்கே திரும்பவும் பாலைவனம்.

இந்த ஒரு தேசத்துக்குள்ளேயே நூற்றுக்கு மேல் பாஷைகள். கீழே சமவெளியில் சிவப்புப் போர்வை போர்த்திய மசாய்க்காரர்கள் மாடு மேய்க்கிறார்கள். விக்டோரியா ஏரிப் பக்கம் சுக்குமா ஜனங்கள் பருத்தி போடுகிறார்கள். கடற்கரையில் அரபு, குஜராத்தி, ஆப்பிரிக்க ரத்தமெல்லாம் கலந்த குடும்பங்கள். எல்லாரையும் சேர்த்துக் கட்டுவது சுவாஹிலி பாஷை. டீக்கு 'சாய்', ரொட்டிக்கு 'சப்பாத்தி', கடைக்கு 'டுக்கா'. நம் ஊர்க் கப்பல்காரர்கள் எப்போதோ விட்டுவிட்டுப் போன வார்த்தைகள். போன விடுமுறையில் நாங்கள் இருவரும் ரயிலில் ஜாம்பியா வரை போனோம். ஜன்னலில் ஒட்டகச்சிவிங்கி தெரியும்போது நான் மட்டும்தான் எழுந்து நின்றேன். மற்றவர்கள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

நீமாவின் ஜனங்கள் சாகா என்பவர்கள். கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் மராங்கு என்ற ஊர். அவள் அம்மா வீட்டைச் சுற்றிக் காபித் தோட்டம். நாம் சில்வர் ஓக் நிழலில் வளர்க்கிறோம், அவர்கள் வாழை நிழலில் வளர்க்கிறார்கள். மலையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பங்கு வைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர்ச் சண்டையும் நம்மூர் மாதிரியேதான்.

நீமாவுக்கு நம் வீட்டுக்கு வர ஆசையும் பயமும். இங்கே பெரியவர்களைப் பார்த்தால் சிறியவர்கள் 'ஷிக்கமோ' என்பார்கள். பெரியவர்கள் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அவள் உங்களிடம் சொன்னால் நீங்கள் பதில் சொல்வீர்களா என்று கேட்கிறாள். "எங்கப்பா சொல்லுவார்" என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஜீவா


மாரமங்கலம்,
19.5.2024

அன்பு மகனுக்கு,

மரஹபா. எழுத்துச் சரியா? மேனகா தினமும் என்னை ஒப்பிக்கச் சொல்கிறாள். எகிப்து, சூடான், எத்தியோப்பியா, கென்யா என்று மேலிருந்து கீழாக எல்லாத் தேசமும் பாடமாகிவிட்டது. மேற்குப் பக்கம் சின்னச் சின்னதாக இருப்பதில்தான் தடுமாற்றம்.

ஒரு நல்ல செய்தி. மேனகாவுக்கு மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் மாதேஷ், வனத்துறையில் வேலை. நல்ல குடும்பம். நீங்கள் இங்கே இருக்கும்போதே பெண் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் கூட இருந்தால் அவளுக்கும் தைரியம்.

உன் கல்யாண விஷயத்தை ஊரில் இன்னும் யாரிடமும் விவரமாகச் சொல்லவில்லை. நேரில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நீ ஒன்றும் யோசிக்க வேண்டாம். உன் அம்மா அந்தப் பெண்ணுக்கென்று பச்சைச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள்.

அப்பா


மோஷி,
7.7.2024

அப்பாவுக்கு,

வந்து சேர்ந்தோம். அதைச் சொல்லவே இத்தனை நாள் ஆகிவிட்டது.

உங்களோடு இருந்தபோது பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நடந்ததை நீங்களும் ஒருமுறை முழுதாகப் பாருங்கள்.

வந்த அன்று நீமா குனிந்து 'ஷிக்கமோ' என்றாள். நீங்கள் 'மரஹபா' என்றீர்கள். அவள் கண் கலங்கிவிட்டது. அடுத்து வந்த நாட்களில் அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்து களி கிண்டினாள். மேனகாவுக்குத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கண்டத்தை ஒரே கோட்டில் வரைந்து காட்டினாள். மஞ்சக்குட்டைக்காரர்கள் வந்த அன்று பச்சைச் சேலை கட்டிக்கொண்டாள், அம்மா தலை நிறையப் பூ வைத்துவிட்டார்கள். வீட்டு மருமகள்தான் வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டுமென்று அம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சொம்பைத் தூக்கிக்கொண்டு அவளாகவே வெளியே வந்தாள்.

மாதேஷின் அம்மா, "ஏனுங்க, இந்தம்மா யாருங்க?" என்று கேட்டார்கள்.

நீங்கள் சொன்னது: "ஜீவா கம்பெனி ஆபீசருங்க. நம்ம காப்பி செடியப் பாக்க வந்திருக்கற கெஸ்ட்டுங்க."

கம்பெனி, ஆபீசர், கெஸ்ட். மூன்றும் இங்கிலீஷ், அப்பா. யாரும் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். எல்லாரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தோட்டத்தில் இறங்கினாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடைகூட எடுக்கவில்லை. செடி செடியாக நின்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர்கள் டீ குடித்து, பலகாரம் தின்று, ஜாதகம் பேசி, பஸ்ஸுக்குக் கிளம்பும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். நீங்கள் கொடுத்த வேலையைச் செய்தாள். உங்கள் பொய்யை அவள்தான் நிற்கவைத்தாள்.

திரும்பி வந்ததும் நீமா மராங்குவுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜீவா


ஏற்காடு,
21.7.2024

ஜீவாவுக்கு,

இதை மேனகா கையில் கொடுக்கவில்லை. மரியதாஸின் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ எழுதியதைப் படித்தேன். என் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு பெண்ணைக் கரையேற்ற வேண்டிய தகப்பன் நான். வந்தவர்கள் முன்பின் பழக்கமில்லாதவர்கள். அந்த ஒரு நாள் போகட்டும், பேச்சு முடிந்தபின் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள்மேல் எனக்கு வெறுப்பா? வெறுப்பிருந்தால் அவள் பாஷையைப் பாடம் பண்ணியிருப்பேனா? அந்த அம்மாள் கேட்டதும் நாக்கு அப்படிப் புரண்டுவிட்டது.

இன்னொன்று கேட்கிறேன். நீ அப்போது எங்கே இருந்தாய்? வாசற்படியில், என் பக்கத்தில். நான் சொன்னது உன் காதில் விழுந்தது. "இல்லைங்க, என் சம்சாரமுங்க" என்று சொல்ல உனக்கு வாய் இல்லையா? நீயும் தலையைக் குனிந்துகொண்டுதானே நின்றாய்? பழியை எல்லாம் என் தலையில் கட்டாதே.

மஞ்சக்குட்டையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

மா. ஐயாக்கண்ணு


மோஷி,
11.8.2024

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபின் பல நாள் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீங்கள் கேட்டது சரி.

நானும் நின்றேன். மேனகாவின் முகத்தைப் பார்த்தேன், உங்கள் முகத்தைப் பார்த்தேன், நீமாவைத்தான் பார்க்கவில்லை. அவள் தோட்டத்தில் இறங்கியபோது பின்னாலேயே போயிருக்கலாம். நான் உள்ளே போய்ப் பலகாரத் தட்டை எடுத்துவந்து அவர்களுக்கு நீட்டினேன். அதை உங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

விமானத்தில் அவள் என்னிடம் ஒன்றுதான் பேசினாள். "உன் அப்பா பயந்துவிட்டார், அது எனக்குப் புரிகிறது. பயப்படுகிறவர்களை எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன். நீ ஏன் பேசவில்லை?" தங்கையின் கல்யாணம் என்று சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மராங்குவுக்குப் போகிறேன். அவள் அம்மா எனக்குச் சோறு போடுகிறார். வாழைக்காயும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்தது. வயிறார உண்ணச் சொல்கிறார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவே இல்லை. நீமா சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தால் அந்தச் சோற்றைச் சாப்பிடுவது எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். அவர்கள் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று சாயந்திரம், எல்லாரும் இருக்கும்போது சொல்லலாம் என்றிருந்தோம். நீமா உண்டாகியிருக்கிறாள். தையில் பிறக்கும்.

ஜீவா


மாரமங்கலம்,
15.9.2024

அன்பு மகன் ஜீவாவுக்கு,

போன கடிதத்தில் உன்னைக் குத்தி எழுதிவிட்டேன். நீமா உண்டாகியிருக்கிறாள் என்று படித்தபின் மன்னித்துக்கொள் என்று எழுதவும் கை கூசுகிறது.

மஞ்சக்குட்டைக்காரர்கள் இந்த இடம் வேண்டாம் என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னால் தாங்க முடியவில்லை. உன் சம்சாரத்தால்தான் போயிற்று என்று மனதுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. மறைத்தும்கூடப் போயிற்றே என்று ஆத்திரம். யார் போய் என்ன சொன்னார்கள் என்று கேட்டுவிடலாமென்று பஸ் பிடித்து மஞ்சக்குட்டைக்கே போனேன்.

மாதேஷின் அப்பா களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். காரணம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏனுங்க, காப்பி செடி பாக்க வர்ற ஆபீசரு தலை நெறயா பூ வெச்சுட்டு, ஊட்டுக்குள்ளார இருந்து தண்ணிச் சொம்பு தூக்கிட்டு வருவாங்களாங்க? உங்க மருமவதான்னு எங்களுக்கு முன்னமே தெரியுமுங்க. இந்த மலையில எது மறையும்? பஸ்ஸுல வரப்பவே பேசிட்டுத்தான் வந்தோம். என் சம்சாரத்துக்கு மொதல்ல மனசு ஒப்பல, அதும் நெசந்தான். 'அவரு வாயால சொல்லட்டும், பொறவு பாக்கலாம்'னு நாந்தான் கூட்டிட்டு வந்தேன். நீங்க சொல்லல. அந்தப் புள்ள மழையில நனஞ்சுட்டு நின்னதப் பாத்துப்போட்டு வந்து, என் சம்சாரம் ரெண்டு நாளு சரியா சாப்புடல. ஊட்டுக்கு வந்த மருமவளையே ஆருன்னு சொல்லாதவரு, நாளைக்கு எங்களை ஆருன்னு சொல்லுவீங்களோ, ஆருக்குத் தெரியும்?"

அவர் வீட்டம்மாள் டீ கொண்டுவந்து வைத்தார்கள். குடிக்காமல் வந்தால் மரியாதை இல்லை. குடித்துவிட்டு வந்தேன்.

மேனகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "எனக்கு இந்த இடம் போனது பெருசில்லீங்கப்பா. அன்னிக்கு நா உள்ளார சேலை மடிப்பு எடுத்துட்டு நின்னேன். நீங்க சொன்னது கேட்டுச்சு. வெளிய வந்து 'எங்க அண்ணிங்க'ன்னு சொல்ல எனக்கும் தைரியம் வல்ல. அதான் நொம்ப வலிக்குது" என்றாள். ஒரு பொய் சொன்னது நான். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் அதற்குள் நிற்கவைத்திருக்கிறேன்.

உன் அம்மா என்னோடு பேசுகிறாள், சோறு போடுகிறாள். அந்தப் பச்சைச் சேலையை நீமா துவைத்து, மடித்து, கட்டில்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள் அல்லவா? அதை உன் அம்மா பெட்டியில் வைக்கவுமில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. கட்டில்மேலேயே இருக்கிறது. நான் இப்போது தரையில் படுக்கிறேன்.

ஒரு கண்டத்தின் தேசங்களை எல்லாம் மனப்பாடம் செய்து ஊரெல்லாம் ஒப்பித்தேன். கடல் தாண்டி என் வாசலுக்கு வந்த ஒருத்தியை மருமகள் என்று சொல்ல வரவில்லை. இதை நீமாவுக்குப் படித்துக் காட்டு. நான் அங்கே வந்து அவள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு என்ன செய்ய வேண்டுமென்று எழுது.

அப்பா


மோஷி,
6.10.2024

அப்பாவுக்கு,

படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரியாக. மஞ்சக்குட்டைக்காரர் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அம்மாவின் கட்டில் பற்றிய இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். முடிந்ததும் எழுந்து விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

போன மாதக் கடைசியில் அவள் மோஷி வீட்டுக்கு வந்துவிட்டாள். மன்னித்துவிட்டாள் என்று எண்ண வேண்டாம். மராங்குவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வருவதற்கு இனி உடம்பு இடம் கொடுக்காது, அதனால் வந்தாள். சேர்ந்து சமைக்கிறோம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். நான் ஏதாவது சிரிக்கப் பேசினால் கொஞ்சம் தாமதித்துச் சிரிக்கிறாள். அந்தத் தாமதம் முன்பு கிடையாது.

நீங்கள் வருவது பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன். இப்போது வர வேண்டாம், அப்பா. நீங்கள் வந்து நின்றால் அவள் உங்களுக்கு நாற்காலி போட்டு, 'ஷிக்கமோ' சொல்லி, சமைத்துப் போடுவாள். அவளை அப்படிச் செய்யவைக்க எனக்கு மனமில்லை.

அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜீவா


மோஷி,
9.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். மேனகா போனில் சொல்லியிருப்பாள். அவளும் நீமாவும் பேசிக்கொள்கிறார்கள், என்னைவிட அதிகமாகவே.

பெயர் விஷயம் மட்டும் நான் எழுத வேண்டும் என்று நீமா சொன்னாள். அவள் ஜனங்களில் தலைப்பிள்ளை ஆணாக இருந்தால் அப்பாவின் அப்பா பெயரை வைப்பார்கள். நான், வேண்டாம், வேறு பெயர் பார்க்கலாம் என்றேன். உங்களை நினைத்து இல்லை, அவளை நினைத்து. அவள் கோபப்பட்டாள். "இது உன் அப்பாவுக்கு நான் கொடுக்கும் பரிசு இல்லை. எங்கள் வழக்கம். அவர் செய்தது அவரோடு. பெயர் குழந்தையுடையது. அதை ஏன் நான் பிடுங்க வேண்டும்?" என்றாள்.

மாமியார் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு 'அய்யாகானு, அய்யாகானு' என்று கூப்பிடுகிறார். மராங்குவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். பதிவும் செய்துவிட்டோம்.

ஜீவா


மாரமங்கலம்,
2.3.2025

அன்பு மகன் ஜீவாவுக்கு,

நலம். உன் அம்மா அன்றைக்கே மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். பேரனின் போட்டோவை மேனகா பெரிதாக்கிக் கொண்டுவந்தாள். நெற்றி உன்னுடையது. மற்றதெல்லாம் நீமா. வடிவான குழந்தை.

பெயரை மாற்றச் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். என் அப்பா பெயரை வையுங்கள், அவர் யாரையும் மறைத்தவரில்லை என்று எழுதினேன். பிறகு கிழித்துவிட்டேன். நம்மிடமும் பாட்டன் பெயரைத்தான் வைக்கிறோம். அதனால்தானே அவன் பேரன். நாம் செய்வதையே கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலையில் அவர்களும் செய்கிறார்கள். அதை வேண்டாமென்று சொல்ல நான் யார்?

போன ஞாயிறு பஸ் ஸ்டாப்பில் சாந்தாமேரியின் டீக்கடைக்குப் போய் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன். "பேரன் பொறந்திருக்கறானுங்க" என்றேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. சாந்தாமேரி கிளாஸ் கழுவிக்கொண்டே, "மருமவ நல்லாருக்குதுங்களா?" என்றாள். என்ன சாதாரணமாகக் கேட்டுவிட்டாள்! எனக்கு அன்றைக்கு வராத வார்த்தை அவள் வாயில் தண்ணீர் மாதிரி வந்தது. "நல்லாருக்குதுங்க" என்றேன்.

"பேரு வெச்சாச்சுங்களா?"

என் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மரியாதைக்கு நான் ஆள் இல்லை என்று எனக்கல்லவா தெரியும். "இன்னும் வெக்கலைங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக வந்துவிட்டேன்.

சவுக்குத் தோப்பு வரைக்கும் வந்தபின்தான் உறைத்தது. திரும்பவும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அன்று மருமகளை இல்லையென்றேன், இன்று அவள் வைத்த பேரை இல்லையென்றேன்.

திரும்பி நடந்தேன், சாமி. கடையில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாந்தாமேரி நிமிர்ந்து, "ஏனுங்க, எதையாச்சும் வெச்சுட்டுப் போயிட்டீங்களா?" என்றாள்.

"பேரு வெச்சாச்சுங்க. ஐயாக்கண்ணு. என் மருமவ நீமா வெச்சிருக்கா" என்றேன். எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

இதை நீமாவுக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. நீ தெரிந்துகொண்டால் போதும்.

ஆசிகளுடன்,
அப்பா